முதலாண்டு வேதியியல்: ரீடிங்கைத் திருத்துவதும் வேறு சில தவறுகளும்

இந்தப் பருவத்தின் முதல் டைட்ரேஷன் (ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, எவ்வளவு செலவானது என்பதை வைத்துச் செறிவு கண்டுபிடிக்கும் சோதனை) நோட்டுகளைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நாங்கள் முதலாண்டில் படித்தபோது செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில், இப்போது வருகிற பிள்ளைகளும் செய்கிறார்கள். வகுப்புக்கு நேரத்துக்கு வா, அசைன்மென்டைத் தள்ளிப்போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. ‘இது ஒரு பெரிய விஷயமா’ என்று நினைத்துச் செய்துவிட்டு, கடைசியில் பாடத்தையே கோட்டைவிட வைக்கிற சில தவறுகள் இருக்கின்றன. அதில் ஒன்றை, அதாவது லேபில் அளந்து பார்த்த எண்ணை (ரீடிங்கை) பிறகு மாற்றி எழுதுவதைப் பற்றி நீளமாகவே சொல்லப்போகிறேன். எத்தனை பருவம் போனாலும் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

## முதல் வாரம் கொடுக்கிற தாளை மடித்துவைத்துவிடுவது

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, தவறவிட்ட தேர்வுக்கு என்ன வழி, லேப் விதிகள் என்ன என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் எல்லோரும் தேர்வுத் தேதியை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படிக்க வேண்டிய வரிகள் வேறு. பல கல்லூரிகளில் லேபில் தேறாவிட்டால் தியரியில் எவ்வளவு எடுத்தாலும் பாடத்தில் தேற முடியாது. இந்த ஒரு வரியைப் பருவக் கடைசியில் முதன்முறையாகப் படித்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேபைத் தவறவிட்டால் இன்னொரு நாள் செய்துகொள்ளலாம் என்ற நினைப்பும் அப்படித்தான். ஒரு சோதனைக்கு வேண்டிய கரைசல்களை அந்த வாரத்துக்கென்று கலக்கி, செறிவு சரிபார்த்து, மேசைக்கு மேசை வைக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த மேசையில் வேறு சோதனை இருக்கும். ஒருவருக்காக மட்டும் அத்தனையையும் திரும்ப எடுத்துவைக்க ஆள் கிடையாது.

‘குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒரு லேபைக் கணக்கில் சேர்க்கமாட்டோம்’ என்று விதி இருந்தால் அதை இரண்டாவது வாரமே தூங்கிச் செலவழித்துவிடாதீர்கள். பத்தாவது வாரம் உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

## பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுவது

உங்கள் வேலை முடிந்திருக்கலாம், பக்கத்தில் நிற்பவருடைய வேலை முடிந்திருக்காது. சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரியான காரம் கண்ணில் பட்டால் பெரும்பாலும் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கிவிடும், 15 நிமிடமாவது தண்ணீரில் விடாமல் கழுவ வேண்டும். கதவைத் தாண்டியபிறகு கழற்றுங்கள்.

## ரீடிங்கைத் திருத்துவது

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். யாரும் ‘இன்று பொய் எழுதப்போகிறேன்’ என்று லேபுக்கு வருவதில்லை. நோட்டு அழுக்காகக் கூடாதே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் ரீடிங்கைக் குறித்துக்கொள்கிறார்கள். சிலர் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார்கள், சிலர் பென்சிலில். வீட்டுக்குப் போய் அழகாக எழுதிக்கொள்ளலாம் என்பது எண்ணம். அங்கே உட்கார்ந்து எழுதும்போது முதல் ரீடிங் 22.9 மி.லி., அடுத்த இரண்டும் 22.4, 22.5 என்று இருக்கிறது. முதலாவது மட்டும் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது? கண்ணை உறுத்துகிறது. அதை 22.4 என்று மாற்றிவிட்டால் கணக்கு ஒழுங்காக வருகிறது, ஆசிரியரும் ஒன்றும் கேட்கமாட்டார். மாற்றிவிடுகிறார்கள். துண்டுக் காகிதம் குப்பைக்குப் போகிறது.

அந்த 22.9 ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பியூரெட்டின் (கரைசலை அளந்து ஊற்றுகிற, கோடு போட்ட கண்ணாடிக் குழாயின்) முனையில் காற்றுக்குமிழி இருந்தது. குமிழி வெளியேறியபோது அந்த இடத்தைக் கரைசல் நிரப்பியது, குடுவைக்குள் விழாத கரைசலும் ரீடிங்கில் சேர்ந்துவிட்டது. ‘முனையில் குமிழி இருந்தது, இந்த ரீடிங்கைச் சராசரியில் சேர்க்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி, 22.9-ஐ அப்படியே விட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். பியூரெட்டை எப்படி நிரப்ப வேண்டும் என்று அந்த மாணவி கற்றுக்கொண்டதற்கு அந்த ஒரு வரிதான் அத்தாட்சி. அதைத்தான் அழித்துவிட்டு வந்தாள்.

இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, குடுவையில் செறிவு தெரிந்த ஆசிட் 20 மி.லி., இரண்டும் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) என்று லேபிள். சீனியர்களின் பழைய நோட்டைப் பார்த்தவர்களுக்கு விடை 20-க்குப் பக்கத்தில் வரும் என்று தெரியும். வகுப்பில் பெரும்பாலோர் 20.0, 20.0, 20.1 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் 21.3, 21.2, 21.3 என்று எழுதி, ‘மூன்று முறையும் இப்படித்தான் வந்தது, காரணம் தெரியவில்லை’ என்று கீழே குறித்திருந்தான். நோட்டைக் கொடுக்கும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது. நான் அதே கரைசலை எடுத்துச் செய்து பார்த்தேன். 21.2 வந்தது.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் இருந்த பாட்டிலை யாரோ சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு வேண்டிய 4 கிராமை நிறுத்தால் அதில் உண்மையான சோடியம் ஹைட்ராக்சைடு 4 கிராம் இருக்காது, கரைசல் நீர்த்துப்போகும், அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டிவரும். அதனால்தான் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவை, நிறுத்த எடையை நம்பி முடிவு செய்யாமல், ஆக்சாலிக் ஆசிட் மாதிரி ஒன்றோடு டைட்ரேட் செய்து கண்டுபிடிக்கச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தப் பாடத்தைக் கரைசலே நடத்தியது. கேட்டது ஒரு பையன் மட்டும். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பியூரெட்டில் 21-க்கு மேல் பார்த்துவிட்டு, தப்பு நம்மிடம்தான் என்று நினைத்து 20 என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் துறையில் இதற்குத் தண்டனை கடுமையானது, அந்தச் சோதனைக்குச் சுழியம், அடுத்த முறை பிடிபட்டால் பாடமே போய்விடும். பல இடங்களில் முதல் முறையே போய்விடும். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, கண்ணால் பார்த்ததை நம்பாமல் போனார்களே என்ற வருத்தம்தான் அதிகம்.

1892-இல் ரேலே பிரபு என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.257 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் ஏறக்குறைய 1.251 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். நம் முதலாண்டு லேபில் அரை சதவீத வித்தியாசம் வந்தால் கொண்டாடுவோம். அவர் அதை அமுக்கிவிடவில்லை, காரணம் தெரியவில்லை, யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள் என்று ‘நேச்சர்’ இதழுக்கே எழுதினார். வேதியியலாளர் வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். 1894-இல் அந்த அரை சதவீதத்துக்குள் ஒளிந்திருந்த ஆர்கான் வெளியே வந்தது, 1904-இல் ரேலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. காற்றில் ஏறக்குறைய ஒரு சதவீதம் இருக்கிற ஒரு தனிமம், யாரும் பார்க்காமலே அதுவரை இருந்திருக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ரீடிங்கைப் பார்த்தவுடன் நோட்டில் எழுதுங்கள், பேனாவில். தொடக்க ரீடிங், முடிவு ரீடிங் இரண்டையும் எழுதுங்கள், மனதுக்குள் கழித்து வித்தியாசத்தை மட்டும் எழுதாதீர்கள், கழித்தலில் தவறினால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பியூரெட்டில் கோடுகள் 0.1 மி.லி.க்கு ஒன்று இருக்கும், இரண்டு கோட்டுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று கணித்து இரண்டாவது தசமம்வரை எழுத வேண்டும். நான் மேலே வசதிக்காக ஒரு தசமத்தோடு விட்டிருக்கிறேன், நோட்டில் அப்படி விடாதீர்கள். எல்லா ரீடிங்கும் .00 என்றோ .50 என்றோ முடிந்திருந்தால் அளந்ததா எழுதியதா என்ற சந்தேகம் எங்களுக்கு உடனே வந்துவிடும்.

தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதையும் காரணத்தையும் எழுதுங்கள். வெள்ளை மை வேண்டாம், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். நோட்டில் கறை பட்டால் பரவாயில்லை. வேலை நடந்த நோட்டு வேலை நடந்த மாதிரிதான் இருக்கும்.

இதைக் கல்லூரிச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு லேபில் ரீடிங்கைத் துண்டுக் காகிதத்தில் எழுதுவதே விதிமீறல். யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், வேலை நடக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், முதல் பதிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் குப்பைத்தொட்டியைக்கூடக் கிளறிப் பார்ப்பார்கள். மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த ரீடிங்கை வைத்துத்தான் சொல்கிறார்கள், அதை விழுங்குகிறவர் யாரோ ஒரு நோயாளி. முதலாண்டில் கை பழகுவதுதான் அங்கேயும் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நண்பனுடைய ரீடிங்கைக் காப்பியடிப்பவர்கள் கவனிக்க, செறிவு கண்டுபிடிக்கக் கொடுக்கிற மாதிரிகள் பல நேரம் ஒவ்வொருவருக்கும் வேறுவேறாக இருக்கும். பாட்டிலில் எண் போட்டிருப்பது அதற்காகத்தான்.

## அலகு இல்லாத எண்

விடை 2.05 என்று எழுதியிருக்கும். எது 2.05? ஒரு மோல் வாயு, 25 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம், கன அளவு கேட்டிருந்தேன். 24.5 லிட்டர் வர வேண்டும். கெல்வினுக்கு மாற்றாமல் 298-க்குப் பதில் 25-ஐப் போட்டால் 2.05 வரும். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதிக்கொண்டே வந்திருந்தால் கெல்வினும் செல்சியஸும் வெட்டுப்படாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கும். இந்தக் கணக்கில் போடுகிற 0.0821, 8.314 இரண்டும் ஒரே வாயு மாறிலிதான், அலகுதான் வேறு. எந்த எண்ணை எடுப்பது என்று மனப்பாடம் செய்யாதீர்கள், அழுத்தமும் கன அளவும் எந்த அலகில் இருக்கின்றன என்று பாருங்கள்.

## விடையைப் பார்த்துவிட்டுப் புரிந்தது என்பது

தீர்வை வரிவரியாகப் படித்தால் எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும். அடுத்தவர் நீந்துவதைக் கரையில் நின்று பார்ப்பது போலத்தான் இது. தீர்வை மூடிவைத்துவிட்டு வெள்ளைத் தாளில் முதல் வரியை எழுத முடிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

ஓர் உதாரணம். செறிவையும் கன அளவையும் பெருக்கி இரண்டு பக்கமும் சமப்படுத்துகிற சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்குச் சரியாக வரும். சல்ஃப்யூரிக் ஆசிட் கொடுத்தால் பாதி வகுப்பு அதையே போட்டு விடையை இரண்டு மடங்கு தவறவிடும். ஒரு மோல் சல்ஃப்யூரிக் ஆசிட்டை நடுநிலையாக்க இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். சமன்பாட்டை எழுதி, மோல் விகிதத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கணக்குக்குப் போனால் இந்தத் தப்பு வரவே வழியில்லை. சூத்திரத்திலிருந்து தொடங்குபவர்கள் சமன்பாட்டை எழுதுவதே இல்லை.

## மிச்சமான ரசாயனத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றுவது

ஊற்றாதீர்கள். மொத்த பாட்டிலும் கெட்டுப்போகும்.

## கடைசி வாரத்தில் உதவி கேட்டு வருவது

வேதியியலில் ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் மேல்தான் நிற்கிறது. மோல் தெரியாவிட்டால் டைட்ரேஷன் கணக்கு வராது, வாயுக் கணக்கும் வராது. வேதிச் சமநிலைக்கு வரும்போது எங்கே தொலைந்தோம் என்றே தெரியாது. மூன்றாவது வாரம் வந்தால் ஒரு மதிய வேளையில் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். தேர்வுக்கு முந்தின நாள் மாலை வந்து ‘எல்லாமே புரியவில்லை’ என்றால் எனக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது, அப்புறம் இருவருமே வெறுங்கையோடுதான் எழுந்து போவோம்.

வரும்போது நீங்கள் செய்து பார்த்த கணக்கோடு வாருங்கள், அது தப்பாக இருந்தாலும், பாதியில் நின்றிருந்தாலும். அடித்துத் திருத்தியதையெல்லாம் நகல் எடுத்து அழகாக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த வரியில் வழி மாறினீர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசினாலே போதும். கூடவே எத்தனை மணிக்கு வரலாம் என்று முதல் வாரத் தாளில் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.