பழைய கிரிக்கெட் அட்டையின் லேபிளைப் படிப்பது எப்படி

குன்னூரில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் தாத்தா விட்டுப்போன, கிரிக்கெட் வீரர்கள் படம் போட்ட அட்டைகள் இருக்கின்றன. 1938-இல் ஜான் பிளேயர் சிகரெட்டோடு வந்தவை. அதே வரிசை அட்டை தரம் போட்டு விற்பனைக்கு வந்தால், லேபிளை இப்படித்தான் படிக்கிறேன்.

முதலில் எண். அட்டைகளைச் சோதித்துத் தரம் போடும் பிஎஸ்ஏ (PSA) நிறுவனம் 1 முதல் 10 வரை போடும். 10 என்றால் ஜெம் மின்ட், அதாவது ஏறக்குறைய குறையே இல்லாத அட்டை. இவ்வளவு பழைய அட்டைக்கு 5 கிடைத்தாலே எனக்குச் சந்தோஷம்.

எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஓசி (OC) என்றால் படம் நடுவில் இல்லை. எஸ்டி (ST) என்றால் கறை. எம்கே (MK) என்றால் பேனா, பென்சில் கோடு. 8 எஸ்டி என்பது வெறும் 8 இல்லை, விலையும் நன்றாக இறங்கும். எங்கள் மலை ஈரத்தில் கறைதான் பெரிய எதிரி. ஓர் ஐப்பசி மழையில் மூன்று அட்டைகள் பழுப்பேறிப் போனது இன்னும் மனசில் உறுத்துகிறது.

எண்ணே இல்லாமல் ‘அதென்டிக்’ என்று மட்டும் இருந்தால் அட்டை அசல்தான். ஆனால் ஓரம் வெட்டியோ சாயம் தொட்டோ இருக்கலாம்.

அப்புறம், லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் விவரம் கையிலுள்ள அட்டையோடு ஒத்துப்போன பிறகே பணம் கொடுங்கள்.