சுண்ணாம்பாற்றில் அந்திக் கயாக்: முதல் தடவை போகிறவர்களுக்கு

நம் பக்கத்தில் சூரியன் கடலில் எழும், கடலில் மறையாது. அந்திச் சூரியனைத் தண்ணீர்மேல் பார்க்க வேண்டுமென்றால் கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் சின்னப் படகில், கழிமுகத்துக்குள் போய் மேற்கே திரும்பி உட்கார வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் நோணாங்குப்பத்தில் நாம் தாண்டிப் போகும் சுண்ணாம்பாறு அதற்கு ஏற்ற இடம். சங்கராபரணி ஆறு கடலைத் தொடுவதற்கு முன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரிக்கமேட்டை ஒட்டி ஓடும் அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று இது. கரையோரம் அலையாத்தி மரங்கள், அவற்றில் அடைய வரும் பறவைகள்.

1. நாள் குறிப்பது

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை சூரியன் மறையும் நேரத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டினேன். ஜனவரி நடுவில் இங்கே ஆறு மணியை ஒட்டி மறையும், நாலரைக்கு ஏறினால் போதும் என்று கணக்கு. அழைத்துப்போனவர்களும் வேறெதுவும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு ஒரு கிளை ஓடைக்குள் கயாக் தரைதட்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வெளியே வைத்தேன். கூட வந்த மீனவர் குப்பத்துப் பையன் கத்தினான்: "இறங்காதீங்கக்கா, சேறு முழங்காலுக்கு மேல உள்ள இழுக்கும்!" துடுப்பைச் சேற்றில் ஊன்றி ஊன்றி நாங்கள் வெளியே வர முக்கால் மணி நேரம். நல்ல இருட்டு, கொசு வேறு. கரை ஏறியதும் அவன் சொன்னான்: "தண்ணி வத்துற நேரத்துல ஓடைக்குள்ள போகக் கூடாதுக்கா. ஏறும்போது போனா, தட்டினாலும் தண்ணியே தூக்கி விட்டுடும்."

அதுதான் விஷயம். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒரு வற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த நேரங்கள் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதல்ல, சாதாரணமாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் முழங்கால் ஆழ ஓடைக்கு அரை மீட்டர் போனாலே எல்லாம் போன மாதிரி.

இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல், வெளியிடுகிறது. அதில் பிற்பகலில் நீர் அடியோடு வற்றும் நேரத்தைப் பாருங்கள். அதற்குச் சுமார் மூன்று மணி நேரம் கழித்துச் சூரியன் மறைகிற மாதிரி நாள் எடுங்கள். கிளம்பும்போது சேற்றுக்கரை இன்னும் தெரியும். ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டும் நண்டுகளும், சேற்றைக் குத்தி இரை தேடும் உள்ளான் பறவைகளும் அங்கேதான். போகப்போக நீர் ஏறும், ஓடைகள் திறக்கும். முகத்துவாரம் பக்கமிருந்து திரும்பும்போது ஏற்றமும் கடல் காற்றும் சேர்ந்து படகுத்துறை பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஒரு நாள் சரியாக அமைந்தால், ஏறக்குறைய 15 நாள் கழித்து அதே மாதிரி இன்னொரு நாள் வரும். பௌர்ணமியன்று அட்டவணையும் ஒத்துவந்தால் விடவே விடாதீர்கள். மேற்கே சூரியன் இறங்கும்போது கடல் பக்கம் நிலா எழும்பும்.

பிறகு சேர்த்தது: அட்டவணைப்படி போயும் ஓடையில் தண்ணீர் இல்லை என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். அட்டவணை சொல்வது கடலோர நேரம். ஏற்றம் முகத்துவாரம் வழியாக நுழைந்து உள்ளே வந்து சேரத் தாமதமாகும். எவ்வளவு என்று அந்த ஆற்றில் வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள், துல்லியமாகச் சொல்வார்கள்.

மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். ஆற்றில் வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது, வலசைப் பறவைகளும் இருக்கும்.

2. எடுத்துப்போவது

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரிந்தாலும்தான். கால் உள்ளே நுழைக்கும் கயாக்கைவிட மேலே உட்காரும் வகையைக் கேளுங்கள், கவிழ்ந்தாலும் திரும்ப ஏறிவிடலாம். ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். குதிகாலில் பட்டை உள்ள சாண்டல் போதும். பைனாகுலர் 8 மடங்கு போதும். ஆடுகிற படகில் 10 மடங்கு எனக்குத் தலைவலிதான் தந்தது. முழுக்கைச் சட்டை, குடிதண்ணீர்.

3. தண்ணீரில்

துடுப்புப் போடுவதைக் கரையிலேயே பத்து நிமிடத்தில் சொல்லித்தருவார்கள். வேர்களையும் பாலத் தூண்களையும் கையால் பிடிக்காதீர்கள், ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும். குறுக்கே வலை இருந்தால் சுற்றிப் போங்கள், அது ஒருவருடைய அன்றைய சாப்பாடு.

கொக்குகள் அடையும் மரத்துக்குக் கிட்டே போகவே கூடாது. தொலைவிலேயே துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் படகைத் தானாக மிதக்க விடுங்கள். ஒரு தடவை கிளப்பிவிட்டால் இருட்டில் அவற்றுக்கு வேறு இடம் தேட நேரமிருக்காது. சும்மா இருந்தால் எல்லாம் தானாக நடக்கும்: நீர்க்காகங்கள் வரிசையாக வரும், செம்பருந்து ஒரு சுற்று சுற்றும். கொக்குகள் அடங்கும் அதே நேரத்தில் வக்கா என்கிற இராக்கொக்குகள் இரைக்குக் கிளம்பும். "குவாக்" என்று ஒரே ஒரு குரல் தலைக்கு மேலே போகும். அந்தக் குரலுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

4. திரும்புவது

சூரியன் மறைந்த பிறகு வெளிச்சம் இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதற்குள் பெரிய ஆற்றுக்கு வந்துவிடுங்கள். நெற்றி விளக்கில் சிவப்பு வெளிச்சம் உள்ளதை வாங்குங்கள், பறவைகளும் அவ்வளவாகக் கலையாது, நம் கண்ணும் கூசாது. ஆனால் மோட்டார் படகு வரும் சத்தம் கேட்டால் வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

முகத்துவார மணலில் இறங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பகலில் சரி. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு இறங்காதீர்கள், மணல் பக்கம் விளக்கும் அடிக்காதீர்கள்.