ஒரு சினாப்ஸை அளவு பிசகாமல் வரைவோம்: நரம்பணுப் புரதங்களைப் புரிந்துகொள்ள ஒரு செய்முறை

நரம்பணுக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் புரதங்களின் பெயர்களில்தான். நியூரெக்சின், சின்டாக்சின், சினாப்டோடாக்மின் என்று வரிசையாக வரும். மனப்பாடம் செய்தால் ஒரு வாரம் நிற்கும், அப்புறம் போய்விடும். எனக்கு இவை பிடிபட்டது ஒரு சினாப்ஸை, அதாவது இரண்டு நரம்பணுக்கள் சந்தித்துச் செய்தி கைமாறும் இடத்தை, கையால் வரைந்து பார்த்த பிறகுதான், அதுவும் அளவுப்படி வரைந்த பிறகு.

வரையும்போது ஒவ்வொரு புரதத்திடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே இருக்கிறது? எதைப் பிடித்துக்கொள்கிறது? எது பட்டால் அதன் வடிவம் மாறுகிறது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். நரம்பில் செய்தி ஓடுவது என்பதே புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடிவம் மாறுவதுதான்.

ஓர் ஏ4 தாள், அளவுகோல், பென்சில், ரப்பர், மூன்று வண்ணப் பென்சில்கள் இருந்தால் போதும்.

படி 1: அளவும் எல்லையும்

தாளில் 1 செ.மீ. என்பது 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாளை நெடுக்காக வைத்து, நடுவில் குறுக்கே இரண்டு சவ்வுகளை வரையுங்கள். ஒவ்வொன்றும் அரை செ.மீ. தடிமன். இரண்டுக்கும் இடையே 2 செ.மீ. விடுங்கள். மேலே இருப்பது செய்தி அனுப்பும் நரம்பணுவின் முனை, கீழே இருப்பது செய்தியை வாங்கும் நரம்பணு. நடுவிலுள்ள 2 செ.மீ.தான் சினாப்ஸின் இடைவெளி. உண்மையில் அது சுமார் 20 நானோமீட்டர்.

மேல் பகுதியில் 4 செ.மீ. விட்டத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். ஒன்று சவ்வை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இவை நரம்புக் கடத்தி, அதாவது செய்தியை மறுபக்கம் கொண்டுபோகும் வேதிப்பொருள், நிரம்பிய குமிழ்கள். குமிழின் அகலம் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். பல படங்களில் இடைவெளியை அகலமாகவும் குமிழ்களைச் சிறு புள்ளிகளாகவும் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால், இரு பக்கமும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

படி 2: தாளுக்கு வெளியே நடப்பது

இந்த முனைக்கு வந்து சேரும் ஆக்சானை, அதாவது செய்தியை அனுப்பும் நரம்பணுவின் நீண்ட இழையை, நாம் வரையப்போவதில்லை. மனித உடலில் சில ஆக்சான்கள் ஒரு மீட்டர் நீளம் போகும். நம் அளவில் அது 1000 கிலோமீட்டர்! அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. இப்படிச் சேர்த்து வைத்த அயனி வேறுபாட்டால், ஓய்வில் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். இந்த வேறுபாடு ஓரிடத்தில் குறைந்ததும் அங்கிருக்கும் சோடியம் கால்வாய்ப் புரதங்கள் வடிவம் மாறித் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, அடுத்த கால்வாய் திறக்கிறது, அதற்கடுத்ததும் திறக்கிறது. இப்படி ஆக்சான் நெடுக ஓடுவதுதான் மின்துடிப்பு. கணவாயின் தடித்த ஆக்சானில் அளந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதைக் கணக்காக எழுதியது 1952இல். கால்வாய்ப் புரதத்தை அப்போது யாரும் கண்டதே இல்லை. நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

படி 3: கால்சியம் வாசல்

மேல் சவ்வில், தொட்டுக்கொண்டிருக்கும் குமிழுக்குப் பக்கத்திலேயே ஒரு கால்வாயை வரையுங்கள். இது கால்சியத்துக்கானது. இடைவெளியில் நிறையக் கால்சியப் புள்ளிகள் போடுங்கள், மேல் அறைக்குள் ஒன்றுகூட வேண்டாம். உள்ளே இருக்கும் கட்டற்ற கால்சியம் வெளியே இருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மின்துடிப்பு வந்ததும் வாசல் திறக்கும், கால்சியம் உள்ளே கொட்டும். வாசலைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். தூரம் கூடினால் குமிழுக்குப் போய்ச் சேரும் கால்சியம் நீர்த்துப்போகும்.

படி 4: குமிழைச் சவ்வோடு முறுக்கும் கயிறுகள்

நிதானமாக வரைய வேண்டிய இடம் இது. முதல் வண்ணத்தில், குமிழின் மேற்பரப்பிலிருந்து ஓர் இழை போடுங்கள். அது சினாப்டோபிரெவின். இரண்டாவது வண்ணத்தில், சவ்விலிருந்து ஓர் இழை. அது சின்டாக்சின். மூன்றாவது வண்ணத்தில் சவ்வில் ஒட்டியிருக்கும் ஸ்னாப்-25 புரதத்துக்கு இரண்டு இழைகள். ஆக நான்கு இழைகள். இவை ஒன்றையொன்று சுற்றி 1.2 செ.மீ. நீளக் கயிறாக முறுக்கிக்கொள்ளட்டும்.

சவ்வும் சவ்வும் தாமாக ஒட்டாது, ஒன்றையொன்று விலக்கும். இந்த நான்கு இழைகளில் ஒன்று குமிழின் பக்கமும் மற்ற மூன்று சவ்வின் பக்கமும் ஊன்றி நிற்பதால், முறுக்கு ஏற ஏறக் குமிழ் சவ்வை நோக்கி இழுபடுகிறது. முறுக்கும்போது வெளிப்படும் ஆற்றல்தான் இரண்டையும் ஒன்றாக்குகிறது.

ஆனால் செய்தி வராதபோது குமிழ் உடைந்துவிடக் கூடாதே? அதற்காகக் குமிழின் மேல் இன்னொரு புரதத்தை வரையுங்கள், சினாப்டோடாக்மின். கால்சியத்தை உணர்வது இதன் வேலை. கால்சியம் வந்து ஒட்டியதும் இது சவ்வுக்குள் முனையை நுழைக்கிறது, பாதி முறுக்கில் காத்திருந்த கயிறு முழுதாக முறுகுகிறது, குமிழ் திறக்கிறது. ஒரு மில்லிவினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். குமிழ்ப் போக்குவரத்தின் இந்த நுட்பங்களை வெளிக்கொணர்ந்த ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

படி 5: இடைவெளியை வெள்ளையாக விடாதீர்கள்

மேல் சவ்விலிருந்து கீழ்நோக்கி ஒரு புரதம், நியூரெக்சின். கீழ் சவ்விலிருந்து மேல்நோக்கி ஒன்று, நியூரோலிஜின். இரண்டும் நடுவில் கைகோத்துக்கொள்ளட்டும். கயிற்றுக்குக் கிட்டேயே இப்படி இரண்டு மூன்று ஜோடிகள் போடுங்கள்.

இந்தக் கைகோப்பு எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. நரம்போடு தொடர்பே இல்லாத செல்களை எடுத்து, அவற்றின் மேற்பரப்பில் நியூரோலிஜின் உருவாகும்படி செய்து, நரம்பணுக்களோடு சேர்த்து வளர்த்தார்கள். அங்கே வந்து தொட்ட ஆக்சான்கள் அந்த இடத்தில் குமிழ்களைக் குவித்து, அனுப்பும் முனையைக் கட்டத் தொடங்கிவிட்டன. இது 2000இல் வெளியானது. 2004இல் மறுபக்கத்தையும் காட்டினார்கள்: நியூரெக்சின் தாங்கிய செல் பட்டால், டென்ட்ரைட், அதாவது செய்தியை வாங்கும் நரம்பணுவின் கிளை, வாங்கும் பக்கத்தைக் கட்டுகிறது. ஒரு புரதத்தைத் தொட்டதே கட்டுமானத்தைத் தொடங்கப் போதுமானதாக இருந்தது.

அவசரப்பட்டு, நியூரோலிஜின் இல்லாவிட்டால் சினாப்ஸே வராது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மூன்று வகை நியூரோலிஜின்களும் இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகளில் சினாப்ஸ்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவை சரியாக வேலை செய்யவில்லை. மூச்சை நடத்தும் நரம்பணுக்களிடையே செய்தி போகாமல் குட்டிகள் பிறந்ததுமே இறந்தன. இணைப்பைத் தொடங்கி வைக்க வேறு ஒட்டுப் புரதங்களும் இருக்கின்றன. தொடங்கிய இணைப்பை உருப்படியாக்குவது இந்த ஜோடி.

இந்தப் புரதங்களில் பெரும்பாலானவை முனையில் தயாராவதில்லை. செல்லின் உடலில் உருவாகி, கினசின் என்ற சுமைதூக்கிப் புரதத்தின் மேல் ஏறி ஆக்சான் வழியே வருகின்றன. கினசினின் ஓரடி 8 நானோமீட்டர். நம் தாளில் 0.8 செ.மீ. அந்த 1000 கிலோமீட்டரை இந்த அடியில்தான் கடந்தாக வேண்டும்.

படி 6: வாங்கும் பக்கம்

குமிழிலிருந்து கொட்டுவது குளுட்டமேட் என்ற நரம்புக் கடத்தி என்று கொள்வோம். கீழ் சவ்வில் இரண்டு வகை ஏற்பிகளை வரையுங்கள். ஆம்பா ஏற்பி: குளுட்டமேட்டைக் கவ்வியதும் சிப்பி மூடுவது போல அதன் வெளிப்பகுதி மூடுகிறது, கீழே வாசல் திறந்து சோடியம் பாய்கிறது. என்எம்டிஏ ஏற்பி: இதன் வாசலில் ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். குளுட்டமேட்டும் வந்து, சவ்வின் மின்னழுத்தமும் ஏற்கெனவே மாறியிருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே போகும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றனவா என்று ஒரு புரதமே சரிபார்க்கிறது! ஏற்பிகளுக்குக் கீழே, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்ற பிஎஸ்டி-95 என்ற புரதத்தைத் தட்டையாகப் போடுங்கள். ஏற்பிகளையும் நியூரோலிஜினையும் ஓரிடத்தில் கட்டி வைப்பது அது.

உள்ளே போன கால்சியம், கேம்கே-2 என்ற நொதியை எழுப்புகிறது. பன்னிரண்டு அலகுகள் சேர்ந்த இந்த நொதியில், விழித்த அலகு பக்கத்து அலகுக்குப் பாஸ்பேட் ஒட்டிவிடுகிறது. அதனால் கால்சியம் வடிந்த பிறகும் அது சிறிது நேரம் விழித்தே இருக்கும். விளைவு, இன்னும் பல ஆம்பா ஏற்பிகள் இங்கே வந்து தங்கும். அடுத்த முறை அதே குளுட்டமேட்டுக்குப் பதில் பலமாக இருக்கும். முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இப்படி ஓர் இணைப்பு மணிக்கணக்கில் வலுப்பட்டு நிற்பதை பிளிஸும் லோமோவும் 1973இல் காட்டியிருந்தார்கள்.

படி 7: ரப்பரை எடுங்கள்

படம் முடிந்தது. இனி ஒவ்வொரு புரதமாக அழித்து, என்ன நின்றுபோகும் என்று எழுதிப் பாருங்கள். முதலில் சினாப்டோபிரெவினின் இழையை நடுவில் அழியுங்கள். டெட்டனஸ் கிருமியின் நஞ்சு செய்வது இதைத்தான். பாட்டுலினம் என்ற இன்னொரு கிருமியின் நஞ்சில் பி வகையும் இதே புரதத்தை, அதே இடத்தில்தான் வெட்டுகிறது. இரண்டிலும் கயிறு முறுகாது, குமிழ் திறக்காது.

ஆனால் நோய்கள் நேரெதிரானவை. பாட்டுலினத்தில் தசைகள் தளர்ந்து செயலற்றுப் போகும், டெட்டனஸில் இறுகி வளைந்துவிடும். பாட்டுலினம் நரம்பும் தசையும் சேரும் இடத்திலேயே தங்கி வெட்டுகிறது, அதனால் தசைக்கு ஆணை போய்ச் சேருவதில்லை. டெட்டனஸ் நஞ்சோ ஆக்சான் வழியே பின்னோக்கிப் பயணித்துத் தண்டுவடத்துக்குப் போய், தசைகளை அடக்கி வைக்கும் நரம்பணுக்களுக்குள் நுழைந்து அங்கே வெட்டுகிறது. அடக்கும் செய்தி நின்றுபோவதால் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. அதனால் உங்கள் படத்தின் மேல் மூலையில், இது எந்த நரம்பணுவின் முனை, எதனோடு சேருகிறது என்று மறக்காமல் எழுதி வையுங்கள்.