நகர மன்ற உறுப்பினர்களுக்குத் தகவல் தெரிவிப்பது எப்படி: நகர மேலாளருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அன்றாட நிர்வாகத்தை நடத்துபவர் மேயர் அல்லர். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் பணியில் அமர்த்தும் நகர மேலாளரே அதை நடத்துகிறார். 1908 இல் வெர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரில் இப்படியொரு பதவி உருவானது. 1913 மார்ச் மாத வெள்ளத்தில் சீரழிந்த ஒஹாயோவின் டேட்டன் நகரம் மறு ஆண்டில் இம்முறைக்கு மாறியபோது நாடே அதைக் கவனித்தது. இன்று பீனிக்ஸ், சான் அன்டோனியோ போன்ற பெருநகரங்களும் இவ்வாறே ஆளப்படுகின்றன. நம்மூர் மாநகராட்சி ஆணையரை மாநில அரசு நியமிக்கிறது. நகர மேலாளரையோ மன்றமே நியமிக்கிறது, விலக்கும் அதிகாரமும் மன்றத்திடமே இருக்கிறது. சிறு நகரங்களின் உறுப்பினர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் மன்றத்துக்கு வருபவர்கள். நகரத்தின் நிலையை அவர்கள் அறிவது பெரும்பாலும் மேலாளர் வழியாகத்தான் என்பதால், அவர் எதை, எப்போது, யாருக்குச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே மன்றத்தின் முடிவுகளும் அமைகின்றன.

எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே தகவல் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். வேறு எதில் குறை வைத்தாலும் இதில் குறை வைக்கக் கூடாது. நூலகத்தின் வேலை நேரம் ஏன் குறைந்தது என்று ஒருவர் கேட்டால், கேள்வியையும் பதிலையும் சேர்த்து அனைவருக்கும் அனுப்புங்கள். மன்றத்தில் உங்களை ஆதரிப்பவருக்கு முதலிலும் எதிர்ப்பவருக்குப் பிறகும் செய்தி போகிறது என்ற எண்ணம் ஒருமுறை எழுந்துவிட்டால் அதைத் துடைப்பது மிகக் கடினம். ஒரு வீட்டின் முன் குப்பை அள்ளப்படவில்லை என்பது போன்ற தனிப் புகார்களுக்கு மட்டும் கேட்டவருக்கே பதில் சொன்னால் போதும். ஊழியர்கள் பல நாள் உழைத்துத் திரட்ட வேண்டிய தகவலை ஓர் உறுப்பினர் கேட்டால், அந்த உழைப்பு தேவையா என்பதை மன்றம் கூட்டத்தில் முடிவு செய்யட்டும்.

மின்னஞ்சல் அனுப்பும்போது பெறுவோரின் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி அனுப்புவது நல்லது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1953 முதல் நடைமுறையில் உள்ள பிரவுன் சட்டத்தின்படி, மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் பொதுக் கூட்டத்துக்கு வெளியே, ஒருவர் மாற்றி ஒருவராகவோ இடையில் ஒருவரை வைத்தோ கூட, நகர விவகாரத்தை விவாதிக்கக் கூடாது. ஐவர் கொண்ட மன்றத்தில் மூவர் பெரும்பான்மை ஆகிவிடுகின்றனர். உங்கள் மடலுக்கு இருவர் அனைவரும் காணும்படி கருத்து எழுதி, மூன்றாமவரும் அதில் சேர்ந்தால் சட்டமீறல் நிகழ்ந்துவிடும்.

உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்து விளக்கும்போது இன்னும் கவனம் தேவை. ஊழியர்கள் தனித்தனியாகச் சந்தித்து விளக்கம் தருவதை அச்சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஒருவரின் கருத்தையோ நிலைப்பாட்டையோ இன்னொருவரிடம் எடுத்துச் செல்வதை அனுமதிப்பதில்லை. "இதில் மேயர் என்ன நினைக்கிறார்?" என்று ஓர் உறுப்பினர் இயல்பாகவே கேட்பார். நல்லெண்ணத்தோடு கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அதைக் கூட்டத்தில் மேயர் வாயாலேயே கேட்பதுதான் முறை என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். மேலாளர் வாக்குகளை முன்கூட்டியே எண்ணத் தொடங்கினால், மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டிய விவாதம் அவருடைய அறைக்குள்ளேயே முடிந்துபோகும்.

வாரம் ஒருமுறை, வழக்கமாக வெள்ளிக்கிழமை, ஒரு மடல் அனுப்பும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். அந்த வாரம் முடிந்த பணி, அடுத்த வாரம் எந்தச் சாலை மூடப்படும், கடைவீதியில் உறுப்பினரை நிறுத்தி மக்கள் எதைக் கேட்கக்கூடும் என்பவை அதில் இருந்தால் போதும். அம்மடல் பொது ஆவணம் என்பதையும், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் கொண்டு எழுதுங்கள். வழக்குகள், நில பேரங்கள், ஊழியர் மீதான நடவடிக்கைகள் ஆகியவற்றை அதில் எழுதாமல், நகர வழக்கறிஞரைக் கலந்து மூடிய அமர்வில், அதாவது பொதுமக்கள் இல்லாத மன்றக் கூட்டத்தில், தெரிவிக்க வேண்டும்.

அவசரச் செய்தி வெள்ளிக்கிழமை வரை காத்திராது. குடிநீர்க் குழாய் உடைந்து நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வெளியாகும்போதும், காவலர் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதும், துறைத் தலைவர் ஒருவர் திடீரென விலகும்போதும், செய்தியாளரின் தொலைபேசி அழைப்புக்கு முன்பே உங்கள் குறுஞ்செய்தி உறுப்பினர்களை எட்ட வேண்டும். உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது, நகரத்தின் சார்பில் பேசுபவர் யார், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். முழு விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சொன்ன நேரத்தில், புதிதாக ஒன்றுமில்லை என்றாலும், அதையே தெரிவியுங்கள். நல்ல செய்தி சற்றுத் தாமதித்தால் எவரும் வருந்துவதில்லை. கெட்ட செய்தியை அண்டை வீட்டார் வழியாக அறியும் உறுப்பினர் அதை எளிதில் மறப்பதில்லை.

வழக்கமான கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைக் கலிஃபோர்னியாவில் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தக் கெடு வரை காத்திராமல், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கான அறிக்கைகளை முந்தைய வியாழக்கிழமையே கொடுத்தால், வேலைக்குப் போகும் உறுப்பினருக்கு வார இறுதியில் படிக்க நேரம் கிடைக்கும். ஒவ்வோர் அறிக்கையிலும் பரிந்துரை, ஆகும் செலவு, இதே பொருளில் மன்றம் முன்பு எடுத்த முடிவு, மாற்று வழிகள் ஆகியவை இருக்க வேண்டும். செலவு என்றால் முதலாண்டுச் செலவு மட்டுமன்று: புதிய பூங்காவைக் கட்டும் தொகையோடு, ஆண்டுதோறும் அதைப் பராமரிக்கும் தொகையையும் எழுதுங்கள். நிராகரிப்பதற்கென்றே எழுதப்பட்ட மாற்று வழிகளை உறுப்பினர்கள் விரைவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். உங்கள் பரிந்துரையை மன்றம் ஏற்காவிட்டாலும், அடுத்து வரும் அறிக்கை அதே நேர்மையோடு எழுதப்பட வேண்டும்.

பல நகரங்களின் சாசனங்கள், அதாவது அந்நகரங்களின் அடிப்படைச் சட்டங்கள், உறுப்பினர்கள் ஊழியர்களுக்கு நேரடியாக ஆணையிடுவதைத் தடை செய்கின்றன. ஆனால் தகவல் கேட்பது ஆணையிடுவதாகாது. எளிய கேள்விகளுக்குத் துறைத் தலைவர்களே பதிலளித்து, அதன் நகலை உங்களுக்கு அனுப்பட்டும். எல்லாம் என் வழியாகத்தான் என்று கதவை அடைத்தால், உறுப்பினர்கள் ஊழியர்களிடம் மறைவாகப் பேசத் தொடங்குவார்கள்.

எல்லோருக்கும் ஒரே தகவல் என்ற சமநிலை தேர்தல் காலத்தில் மன்றத்துக்கு வெளியேயும் நீள்கிறது. பதவியில் உள்ளவரை எதிர்த்து நிற்கும் வேட்பாளர் வரவு செலவுக் கணக்கைக் கேட்டால், கொடுக்கும் பொதுத் தகவலை எல்லா வேட்பாளர்களுக்கும் கொடுங்கள். நகர மேலாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 1924 இல் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய அறநெறிக் கோவையும் மேலாளர் கட்சி அரசியலிலிருந்து விலகி நிற்கவே பணிக்கிறது. வென்று வரும் புதியவருக்குச் சொத்து வரி, விற்பனை வரி, ஓய்வூதியச் சுமை ஆகியவற்றை முதல் கூட்டத்துக்கு முன்பே பொறுமையாக விளக்குங்கள். தோற்றவருக்கு நீங்கள் பல ஆண்டுகளாக விளக்கியவை புதியவருக்கு முற்றிலும் புதியவை. ஒருவர் தொலைபேசியை விரும்புவார், இன்னொருவர் தாளில் அச்சிட்டதைக் கேட்பார். மன்றம் உங்கள் பணியை ஆண்டுதோறும் மதிப்பிடும்போது அதைக் கேட்டறிந்து அவரவர் விரும்பும் வழியில் அனுப்புங்கள், உள்ளடக்கம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.