ட்ரூ பாயின்ட் கடற்கரை எவ்வளவு போச்சு? சூலூரில் உட்கார்ந்தே அளக்கலாம்

"நம்மூர்ல கடலே இல்லையே, நீ எந்தக் கடற்கரைய அளக்கற?" என்று எங்க அப்பாரு கேட்டார். ஓடை அரிச்ச காட்டை அளக்கற மாதிரித்தானுங்க அப்பாரு, காடு மட்டும் அலாஸ்காவில இருக்குது என்றேன். "அதுக்கு மூணு நாளா?" என்றார். அந்த மூன்று நாளில் இரண்டரை நாள் ஒரே ஒரு தப்பில் போச்சு. கடல் அரித்த கரையைச் சாட்டிலைட் படத்தில் அளக்கப் போகும் உங்களுக்கு அதை மிச்சம் பண்ணிக் கொடுக்கத்தான் இந்தப் பதிவு.

அங்கே நிலம் கெட்டியாக இருப்பதே மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டியால்தான். கோடையில் கடல்பனி விலகியதும் அலை கரையின் அடிப்பகுதியை உருக்கிக் குடைகிறது. மேலே ஆப்பு மாதிரி இறங்கியிருக்கும் பனிப்பிளவு வழியாகப் பெரிய பாளமாகப் பிளந்து கடலில் விழுகிறது. அலாஸ்காவில் பியூஃபோர்ட் கடலோரம் இருக்கும் ட்ரூ பாயின்டில், 2007க்கும் 2016க்கும் நடுவே கரை வருடத்துக்குச் சராசரி 17.2 மீட்டர் பின்வாங்கியது என்று ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். 1955–1979ல் இது 6.8 மீட்டர்தான்.

பழகுவதற்கு இந்த இடத்தையும் இதே வருடங்களையும் எடுங்க. விடை தெரிந்த கணக்கு என்பதால் தப்பு உடனே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஆர்க்டிக் கரைகளின் சராசரி அரிப்பு வருடத்துக்கு அரை மீட்டர் அளவுதான். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் சாட்டிலைட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். கோடு ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலே 9 வருடக் கணக்கில் வருடத்துக்கு 3 மீட்டர் பிசகும். மெதுவாக அரிக்கிற கரையை இந்த முறையில் தொடவே தொடாதீங்க.

படம்: அமெரிக்க நிலவியல் துறையான யுஎஸ்ஜிஎஸ்ஸின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2007க்கு லேண்ட்சாட் 5, 2016க்கு லேண்ட்சாட் 8. லேண்ட்சாட் 7 வேண்டாம். 2003 மே மாதம் அதில் ஒரு பாகம் பழுதானதிலிருந்து படம் முழுக்கக் கோடு கோடாக இருக்கும். ஆகஸ்ட் படமாகத் தேடுங்க. ஜூலையில் கரையோரம் கடல்பனி மிதக்கும், செப்டம்பர் கடைசியில் சூரியன் ரொம்பத் தாழ்ந்துவிடும். 5 மீட்டர் மேட்டுக்கு ஆகஸ்ட் கடைசி நண்பகலில் 9 மீட்டர் நிழல் என்றால், செப்டம்பர் கடைசியில் 14 மீட்டரைத் தாண்டும். நிழலையும் தண்ணீரையும் கணினிக்குப் பிரிக்கத் தெரியாது.

தண்ணீரைப் பிரிப்பது: க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் ராஸ்டர் கால்குலேட்டரில், பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கணும். லேண்ட்சாட் 5ல் இவை 2, 4ஆம் பேண்டுகள் (ஒவ்வொரு ஒளி நிறத்துக்கும் ஒரு தனிப் படம், அதுதான் பேண்டு). லேண்ட்சாட் 8ல் 3, 5. காற்றின் தாக்கத்தை நீக்கித் தரும் இரண்டாம் நிலைப் (லெவல் 2) படம் என்றால் அதற்கு முன்னால் ஒவ்வொரு பேண்டையும் 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழிச்சுக்குங்க. விகிதம்தானே, பெருக்காவிட்டால் என்ன என்று நானும் விட்டேன். பெருக்கலை விடலாம், கழித்தலை விட்டால் விகிதமே மாறிப்போகும். பூஜ்யத்துக்கு மேலே வந்தால் தண்ணீர் என்று ஆரம்பித்து, கண்ணால் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்க. பிறகு பாலிகனைஸ் போட்டுப் புள்ளிகளை ஓரம் உள்ள வடிவமாக (பாலிகன்) மாற்றுங்க. 2007 நிலத்திலிருந்து 2016 நிலத்தை டிஃபரன்ஸ் போட்டால் கடல் தின்ற துண்டு மிஞ்சும்.

அந்தத் துண்டின் பரப்பைக் கரையின் நீளத்தால் வகுத்து, பிறகு 9ஆல் வகுத்தால் வருட வேகம். கரைக்குக் குறுக்கே நூறு கோடு போட்டு அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஆரம்பத்தில் இந்த வகுத்தல் கணக்கே போதும் என்பது என் கட்சி. கரை நீளத்துக்கு மட்டும் கையால் ஒரு மென்மையான கோடு வரைங்க. பாலிகனின் ஓரம் படிக்கட்டு மாதிரி இருப்பதால் நீளத்தைக் கூட்டிக் காட்டும்.

இப்போது என் இரண்டரை நாள். எனக்கு வந்த விடை 53 மீட்டர்!

படத்தை மறுபடி இறக்கினேன், பேண்டை மாற்றினேன், பூஜ்யத்தை மாற்றினேன். விடை அசையவில்லை. கோளாறு படத்தில் இல்லை. இடத்தைத் தேடுவதற்காக முதலில் கூகுள் சாட்டிலைட் அடிப்படத்தைப் போட்டிருந்தேன். அதனால் புராஜெக்டே இபிஎஸ்ஜி 3857 என்ற எண் கொண்ட வெப் மெர்கேட்டருக்கு மாறிவிட்டது. உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் முறைகளில் (புரொஜெக்ஷன்) அது ஒன்று. நான் சேமித்த லேயர்களும் அதிலேயே போயின. அந்தப் புரொஜெக்ஷன் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலத்தை இழுத்துக் காட்டும். சூலூர்க் குளத்தை அதில்தான் பல வருடமாக அளந்தேன். 11 டிகிரியில் நீளம் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை, எனக்குத் தெரியவே இல்லை. 71 டிகிரிக்குப் பக்கத்தில் நீளம் மூன்று மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு. ஒன்பதை மூன்றால் வகுத்தால் மூன்று மடங்கு தப்பான விடை.

எல்லா லேயரையும் ரீபுரொஜெக்ட் லேயர் மூலம் இபிஎஸ்ஜி 32605க்கு மாற்றுங்க. உலகை மண்டலமாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையில் 5ஆம் வடக்கு மண்டலம், ட்ரூ பாயின்டுக்கு அதுதான். செட் லேயர் சிஆர்எஸ் வேறு சமாச்சாரம். அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. நான் முதலில் அதைத்தான் அமுக்கினேன், கரையே காணாமல் போச்சு. ஃபீல்ட் கால்குலேட்டரில் டாலர் குறி போட்ட ஏரியா பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். குறி இல்லாத ஏரியா, லேயர் எந்தப் புரொஜெக்ஷனில் இருக்கிறதோ அதை அப்படியே நம்பும். இரண்டையும் போட்டுப் பாருங்க. பெரிதாக வித்தியாசம் வந்தால் புரொஜெக்ஷன் தப்பு. மாற்றிய பிறகு எனக்கு 17ஐ ஒட்டி வந்தது.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த பெருந்துறைத் தம்பி ஒருவருக்கு, வேறொரு இடத்தில் கரை திடீரென்று ஒரு கிலோமீட்டர் உள்ளே பாய்ந்திருந்தது. புரொஜெக்ஷன் சரி, பேண்டும் சரி. அந்தச் சமவெளி முழுக்க ஏரிகள். அரிப்பு ஒரு ஏரியைத் தொட்டதும் கடல் உள்ளே புகுந்து, ஏரியும் கடலும் ஒரே தண்ணீராகிவிட்டது. குளக்கரை உடைந்த மாதிரிதான். 2007 படத்தில் ஏரியாக இருந்த இடம் நிலக்கணக்கில் வராது, சரி. ஆனால் கரைநீளக் கோட்டை ஏரியைச் சுற்றி வளைத்து வரைந்தால் வகுக்கும் எண் பெருத்து, வேகம் குறைந்து தெரியும். ஏரியின் வாயை நேராகக் கடந்து கோட்டைப் போடுங்க. அந்தப் பகுதியைத் தனியாகவும் ஒரு தடவை அளந்து வைங்க.