கூரைக் கரியரைக் கழற்றி வையுங்கள்

மினி வானின் கூரையில் இரும்புக் கரியர் பூட்டியிருந்தால், சுமை ஏற்றாத நாட்களில் அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்குப் பெற்றோல் மிஞ்சும்.

ஓமந்தை தாண்டிக் கிளிநொச்சி வரை வீதி நேராகக் கிடக்கிறது. வேகம் தானாகவே ஏறிவிடும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது: மணிக்கு 35 கிலோமீற்றரில் இருப்பதைவிட 70 இல் நான்கு மடங்கு. மினி வான் ஏற்கெனவே உயரமான பெட்டி. அதன் தலையில் நிற்கும் வெறும் குழாய்கள் காற்றைச் சுழலவைக்கின்றன. அந்த வீண்வேலைக்கும் உங்கள் தாங்கியிலிருந்துதான் எரிபொருள் போகிறது. ஓடும்போது மேலே கேட்கும் ஊளைச் சத்தம் அந்தக் காற்றுச் சுழலுடையதுதான்.

குளக்கட்டிலும் கிரவல் ஒழுங்கைகளிலும் மெதுவாக மட்டும் ஓடும் வானுக்கு இதனால் பெரிய இலாபம் இல்லை. அங்கே எரிபொருளைத் தின்பது அடிக்கடி பிடிக்கும் பிறேக்கும் முதலாம் கியரும். அறுவடைக் காலத்தில் தினமும் நெல்மூட்டை ஏற்றுபவர்களும் கழற்ற வேண்டியதில்லை.

துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விடுங்கள். கழற்றியவற்றைச் சிறு பையில் போட்டுக் கரியரிலேயே கட்டிவிட்டால் திரும்பப் பூட்டும்போது தேடி அலைய வேண்டாம்.