சங்கிலி இல்லாத சைக்கிள்: எந்த ஷாஃப்ட், எப்படிப் பொருத்துவது?

சைக்கிளுக்குச் சங்கிலிக்குப் பதிலாக ஷாஃப்ட் (மிதிக்கும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) போட்டுத் தர முடியுமா என்று பட்டறைக்கு வருபவர்களிடம் முதலில் ஒரு கணக்கைச் சொல்வேன். 70 கிலோ எடையுள்ளவர் 170 மில்லிமீட்டர் கிராங்கை (மிதிகட்டையின் கை) மிதித்து ஏறி நின்றால் முறுக்குவிசை ஏறத்தாழ 117 நியூட்டன் மீட்டர். 100 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜின் தருவதோ சுமார் 8தான். வேகம் குறைவு, முறுக்கு அதிகம். சங்கடம் முழுவதும் இங்கேதான்.

ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பது எளிது. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லையென்றால் நேரான தண்டு போதும். கனமான கம்பியைவிட எஃகுக் குழாய் நல்லது. முறுக்கைப் பெரும்பாலும் தாங்குவது வெளிவட்டத்து உலோகம்தான், நடுவில் இருப்பது வெறும் பாரம். சஸ்பென்ஷன் இருந்தால் லாரியில் உள்ளதுபோல் கோணத்தில் வளைந்து சுழலும் கிராஸ் ஜாயிண்டும், நீளம் கூடிக் குறைய ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் வரிப்பள்ளமான ஸ்ப்ளைனும் வேண்டும். ஒற்றை கிராஸ் கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் ஏறி இறங்கும். அதைச் சமன் செய்ய இரண்டாகப் போட்டு, தண்டின் இரு முனைக் கவைகளும் (ஜாயிண்டைப் பிடிக்கும் இரட்டைக் கிளைகள்) ஒரே வாக்கில் நிற்கும்படி பூட்டுங்கள்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் கிரவுனும் பினியனும், அதாவது தண்டின் முனைகளில் சுழற்சியைத் திருப்பிவிடும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள். நான் முதலில் செய்த சைக்கிள் மேம்பாலம் ஏறும்போது பினியனில் மூன்று பற்கள் உடைந்தன. தண்டில் கீறல்கூட இல்லை. பற்களைப் பிடித்திருந்த கூடு மெல்லிய தகடு. மிதிக்கும்போது விலகிக் கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து கூட்டைத் தடித்த எஃகில்தான் செய்கிறேன், பற்களைக் கடினப்படுத்தாமல் பூட்டுவதில்லை.

பூட்டியதும் நான்கு பற்களில் நீலச் சாயம் தடவி, பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி மிதிகட்டையைச் சுற்றுங்கள். சாயம் பல்லின் நடுவில் அழிந்திருந்தால் சரி. ஓரத்தில் அழிந்திருந்தால் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்து நகர்த்துங்கள். மிதிகட்டையை முன்னும் பின்னும் ஆட்டும்போது பற்களுக்கிடையே அசைவே இல்லாவிட்டால் பற்கள் இறுகிவிட்டன என்று பொருள். மெல்லிய 'டிக்' சத்தம் இருக்க வேண்டும்.

சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றி நகர்த்தும் வழக்கமான டிரெய்லியர் (derailleur) கியர் இதில் பொருந்தாது, பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருக்கும் ஹப் கியர்தான். எண்ணெயிட்ட நல்ல சங்கிலியைவிடச் சற்றுக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். ஆனால் வேட்டியும் சேலையும் சிக்காது; மழைச் சேறு உள்ளே போகாது. பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்றுமுன் ஷிம்கள் இருந்த பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறினால் நீலச் சாயத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.